வேகமாகப் போனால் ஓடுகிறது, மெதுவாகப் போனால் நிற்கிறது: ஏன்?

மாணவர்களே, உங்கள் வீட்டு வாசலில் ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிள் நிற்கிறதா? அடுத்த முறை அப்பாவோ அண்ணனோ அதை இயக்கும்போது சற்று நின்று கேளுங்கள். நல்ல இயந்திரம் ஒரே சீராகத் துடிக்கும். நோயுள்ள இயந்திரம் தடுமாறும். ஏறும், இறங்கும், திடீரென அணையும்.

சென்ற ஆண்டு என் வகுப்பில் படிவம் 4 மாணவன் ஒருவன் ஒரே வாரத்தில் மூன்று முறை தாமதமாக வந்தான். காரணம் கேட்டபோது, “அப்பாவின் மோட்டார் வழியிலேயே நின்றுவிடுகிறது, சார்,” என்றான். நெடுஞ்சாலையில் நன்றாக ஓடுமாம். மேட்டில் ஏறுமாம். ஆனால் சமிக்ஞை விளக்கில் வேகத்தைக் குறைத்தால் விக்கி விக்கி அணைந்துவிடுமாம். அதற்கு முந்திய நாள் சந்திப்பில் வலப்பக்கம் திரும்பும்போது நடுச்சாலையில் நின்றுவிட்டது. எதிரே வந்த லாரி ஓட்டுநர் பிரேக்கை அழுத்தியதால் இருவரும் பிழைத்தார்கள்.

அவன் அப்பா சும்மா இருக்கவில்லை. முதலில் புதிய பிளக் வாங்கினார். பிறகு பிளக் ஒயரை மாற்றினார். கடைசியாக ஐட்லிங் திருகைத் திருப்பி, இயந்திரத்தின் வேகத்தை ஏற்றி வைத்தார். 70 ரிங்கிட்டுக்கு மேல் செலவானது. நோய் மட்டும் போகவில்லை.

இது பட்டறைக்காரர் வேலை மட்டுமன்று. அறிவியல் கூடத்தில் நீங்கள் செய்யும் வேலையும்கூட. எப்படி என்று பார்ப்போம்.

ஒரு நொடியில் 12 முறை

கப்சாயில் இருப்பது ஒற்றைச் சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு இயந்திரம். காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உறிஞ்சுதல், அழுத்துதல், எரித்தல், புகையை வெளியேற்றுதல் ஆகிய நான்கு வேலைகளும் முடிய இயந்திரம் இரண்டு சுற்றுகள் சுற்ற வேண்டும்.

வண்டி நின்றபடி இயங்கும் நிலையை ஐட்லிங் என்கிறோம். அப்போது இயந்திரம் நிமிடத்திற்கு 1400 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நிமிடத்திற்கு 700 முறை, அதாவது நொடிக்கு ஏறக்குறைய 12 முறை, எரிதல் நடக்கிறது. இதில் ஒன்று தவறினாலும் காது கண்டுபிடித்துவிடும். அதிக வேகத்தில் சுழலும் கனமான சக்கரத்தின் சடத்துவம் இந்தத் தவற்றை மறைத்துவிடும். ஐட்லிங்கில் மறைக்க ஆளில்லை.

ஒவ்வொரு முறையும் எரிதல் நிகழ மூன்று தேவை: சரியான கலவை, போதிய அழுத்தம், சரியான நேரத்தில் தீப்பொறி. பெட்ரோல் முழுமையாக எரிய 1 கிராம் பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று இதைவிட அதிகமானால் அது மெலிந்த கலவை. அதில் தீ மெதுவாகப் பரவும். சில சுற்றுகளில் பற்றாமலே போகும்.

மெதுவாக ஓடும்போது மட்டும் ஏன்?

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். இயந்திரத்தின் கொள்ளளவு 110 சிசி. நிமிடத்திற்கு 700 முறை முழுதாக உறிஞ்சினால் 77 லிட்டர் காற்று உள்ளே போகும். ஆனால் கைப்பிடியை முறுக்காதபோது காற்று வழியிலுள்ள அடைப்பு ஏறக்குறைய மூடியே இருக்கும். மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 25 லிட்டர் மட்டுமே கார்புரேட்டர் வழியாகப் போகிறது எனக் கொள்வோம். கார்புரேட்டர் அந்த 25 லிட்டருக்கு ஏற்ற பெட்ரோலை அளந்து கொடுக்கிறது.

இப்போது கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையே ஒரு சின்னக் கசிவு இருந்தால்? அடைப்பு மூடியிருப்பதால் அந்தக் குழாயினுள் அழுத்தம் வெளிக் காற்றழுத்தத்தைவிடக் குறைவு. ஆகவே வெளிக் காற்று உள்ளே பாயும். நிமிடத்திற்கு 5 லிட்டர் அப்படி நுழைந்தால், கலவை 14.7-லிருந்து 17.6-ஆக மெலிந்துவிடும்.

அதே வண்டி முழு வேகத்தில் நிமிடத்திற்கு 7000 சுற்று சுற்றும்போது சுமார் 385 லிட்டர் காற்று போகிறது. அதில் 5 லிட்டர் கசிவு பெரிய விஷயமே இல்லை, கலவை 14.9 ஆகும், அவ்வளவுதான். உண்மையில் கசிவு அதைவிடவும் குறையும். அடைப்பு திறந்துவிட்டதால் உள்ளுக்கும் வெளிக்குமான அழுத்த வேறுபாடு சிறிதாகிவிடுகிறது அல்லவா? ஒரு கரண்டி உப்பு ஒரு கோப்பை நீரைக் கெடுத்துவிடும். ஒரு தொட்டி நீரில் தெரியாது. அதுபோலத்தான் இதுவும்.

இன்னொரு காரணமும் உண்டு. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் வழிகள் பல. ஐட்லிங்கிற்குப் பைலட் ஜெட், நடு வேகத்திற்கு ஊசி, முழு வேகத்திற்கு மெயின் ஜெட். பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பல வாரம் ஓடாமல் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற படிவு மிஞ்சும். மிகச் சிறிய துளையே முதலில் அடைபடும். அப்போதும் ஐட்லிங்தான் முதலில் கெடும்.

சந்தேகப் பட்டியல்

ஒரு சனிக்கிழமை காலை நான் அந்த மாணவனின் வீட்டுக்குப் போனேன். மூவரும் வாசலில் உட்கார்ந்து ஒரு தாளில் சந்தேகங்களை எழுதினோம்: தீப்பொறி, அழுத்தம், கலவை.

தீப்பொறியா? பலவீனமான தீப்பொறி பொதுவாக மேடு ஏறும்போது, இயந்திரம் கடுமையாக உழைக்கும்போது தோற்கும். இந்த வண்டியோ மேட்டில் நன்றாக ஏறுகிறது. பிளக்கும் புதியது. சந்தேகம் குறைந்தது.

அழுத்தமா? வால்வு இடைவெளி மிகவும் இறுகிப்போனால் வால்வு முழுதாக மூடாது, அழுத்தம் கசியும். குறைந்த வேகத்தில் கசிய அதிக நேரம் கிடைப்பதால் ஐட்லிங் கெடும். உதைத்துப் பார்த்தோம். காலுக்கு வழக்கமான எதிர்ப்பு கிடைத்தது. இதுவும் பின்னுக்குப் போனது.

மிஞ்சியது கலவை. இயந்திரம் சூடேறிய பிறகு, அது தடுமாறும் நேரத்தில் சோக்கைப் பாதி இழுக்கச் சொன்னேன். சோக், காற்றைக் குறைத்துப் பெட்ரோல் பங்கைக் கூட்டும். உடனே தடுமாற்றம் நின்று இயந்திரம் சீராக ஓடியது. கலவை மெலிந்திருக்கிறது என்பது உறுதி.

ஆனால் ஏன் மெலிந்தது? பெட்ரோல் குறைவாக வருகிறதா, காற்று அதிகமாக நுழைகிறதா? நான் யோசிக்கவே இல்லை. “பைலட் ஜெட் அடைத்திருக்கிறது, கார்புரேட்டரைக் கழற்றுவோம்,” என்றேன்.

“அப்பா கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிய பிறகுதானே சார் இந்தப் பிரச்சினையே வந்தது?” என்றான் அவன்.

நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அது. கோளாறு தொடங்குவதற்குச் சற்று முன் என்ன மாறியது? கழுவிய ஜெட் அடைபடுவதைவிட, கழற்றி மாட்டிய இணைப்பில் கசிவு இருக்கவே வாய்ப்பு அதிகம்.

தெளிப்பான் சொன்ன விடை

செடிக்கு நீர் தெளிக்கும் புட்டியில் தண்ணீர் எடுத்துக்கொண்டோம். இயந்திரம் ஓடும்போது கார்புரேட்டர் இணைப்பின்மீது மட்டும் சிறிது தெளித்தோம். கசிவு இருந்தால் தண்ணீர் அந்த இடுக்கை ஒரு கணம் அடைக்கும். இயந்திரத்தின் ஒலி மாறும். முதல் இணைப்பில் மாற்றமில்லை. சிலிண்டர் பக்கத்து இணைப்பில் தெளித்ததும் ஒலி மாறியது. உலரவிட்டு மறுபடி தெளித்தோம், மறுபடியும் மாறியது. மூன்றாம் முறையும் அப்படியே.

கழற்றிப் பார்த்தபோது உள்ளிருந்த ரப்பர் வளையம் தட்டையாகி இறுகிப்போயிருந்தது. பல ஆண்டுச் சூட்டில் ரப்பர் மீள்தன்மையை இழந்துவிட்டது. புதிய வளையத்தின் விலை ஒரு பொட்டலம் நாசி லெமாக் விலைகூட இல்லை. மாட்டியபின், ஏற்றி வைத்திருந்த ஐட்லிங் திருகையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தோம். அந்தத் திருகு கசிவை மூடவில்லை. அடைப்பைச் சற்றுத் திறந்து, கசிவின் பங்கைச் சிறிதாக்கி, நோயை மறைக்க முயன்றது.

மாறி ஒன்றே ஒன்று

ஆரம்பப் பள்ளியில் நீங்கள் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி நினைவிருக்கிறதா? தேர்வுக்கு மனனம் செய்துவிட்டு மறந்துபோனவை. தண்ணீர் தெளித்த இடம் தற்சார்பு மாறி. இயந்திரத்தின் ஒலி சார்பு மாறி. திருகின் நிலை, இயந்திரத்தின் சூடு ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். அன்று அந்த வீட்டு வாசலில் இவைதாம் வேலை செய்தன.

ஒரே நாளில் பிளக், ஒயர், ஜெட் எல்லாவற்றையும் மாற்றி வண்டி சரியாகிவிட்டாலும், எது நோய் என்று நமக்குத் தெரியாது. மீண்டும் வந்தால் மறுபடியும் எல்லாவற்றையும் வாங்க வேண்டும். ஊகத்திற்குப் பணம் செலவாகும். உற்றறிதலுக்குப் பொறுமை மட்டுமே செலவு.

உங்கள் வீட்டு வண்டி தடுமாறினால், எதையும் கழற்றுவதற்கு முன் இந்த நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: எந்த வேகத்தில் தடுமாறுகிறது? இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? சோக் இழுத்தால் மாற்றம் உண்டா? கோளாறுக்கு முன் எதைக் கழற்றினீர்கள், எதை மாற்றினீர்கள்? பெட்ரோலைச் செலுத்தும் கணினி உள்ள புதிய வண்டிகளில் சோக் இருக்காது. மற்ற மூன்று கேள்விகளும் அவற்றுக்கும் பொருந்தும். அந்தத் தாளைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் மெக்கானிக் அண்ணன் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்.

சில எச்சரிக்கைகள். பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். மூடிய இடத்தில் இயந்திரத்தை ஓட விடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆனால் உயிரைப் பறிக்கும். கசிவைத் தேடத் தண்ணீர் போதும். சூடான இயந்திரத்தின்மீது எரியக்கூடிய எதையும் தெளிக்க வேண்டாம். புகைக்குழாயைத் தொட வேண்டாம். 16 வயதும் உரிமமும் ஆகும்வரை சாலையில் ஓட்டிச் சோதிப்பது உங்கள் வேலை அன்று.

அடுத்த திங்கட்கிழமை அந்த மாணவன் மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பில் இருந்தான். தட்டையான அந்தப் பழைய வளையத்தை என்னிடம் கொடுத்தான். பரிசோதனை அறிக்கை எழுதும் பாடம் வரும்போதெல்லாம் அதைக் கையில் எடுத்துக் காட்டித்தான் வகுப்பைத் தொடங்குகிறேன். அவன் கேட்ட அந்தக் கேள்வியையும் சேர்த்துச் சொல்கிறேன்.