சாப்பாட்டு மேசையில் அவிழ்ந்த நாக்கு

கனடாவின் மொன்றியல் நகரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் லொங்குய்யில் மெட்ரோ ஏறினால், பெரி-யூக்காம் நிலையத்துக்கு இடையில் ஒரே ஒரு நிலையம்தான். சென் லோரன்ஸ் ஆற்றுக்கு அடியால் ஓடும் அந்த மஞ்சள் தடம் 1967இல் திறந்தது. பெரி-யூக்காமில் இறங்கி, தெருவுக்கு ஏறாமலே மொன்றியலின் பெரிய நூலகத்துக்குள் நுழைந்துவிடலாம். பழைய கியூபெக் பத்திரிகைகளை மின்வடிவில் யாரும் படிக்கத் திறந்து வைத்திருக்கிறது அந்த நூலகம். அவற்றில் ஒன்று 'லு பெத்தி ஜூர்னால்' வார இதழ். அதன் 1950களின் பக்கங்களில், முகம் தெரியாத வாசகர்கள் மனக்குறையை எழுதி அனுப்பிய பகுதி ஒன்று உண்டு. அவர்களுக்குப் பதில் எழுதியவர் ஜானெத் பெர்த்ரான்.

அக்காலத்துக் கியூபெக்கைத் தெரிந்தால்தான் அந்தக் கடிதங்களின் கனம் விளங்கும். திருச்சபையின் சொல் படுக்கையறை வரைக்கும் செல்லுபடியானது. கருத்தடைச் சாதனங்களை விற்பதும் விளம்பரம் செய்வதும் கனடாவில் 1969 வரை குற்றம். கல்யாணமான பெண் கணவனின் சம்மதமின்றி ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாத நிலை 1964இல்தான் மாறத் தொடங்கியது. பாதிரியாரிடம் கேட்டால் வரும் பதில் முன்பே தெரியும். அம்மாவிடம் கேட்கவோ கூச்சம். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு தபால்தலை போதுமாக இருந்தது. பதில் எழுதியவரும் மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே வேலை பார்த்த பெண். கியூபெக் மக்கள் இன்றும் குடும்பப் பெயரை விட்டுவிட்டு அவரை 'ஜானெத்' என்றே சொல்வார்கள்.

1984இல் அவர் ராடியோ-கெபெக் தொலைக்காட்சியில் 'பார்லே பூர் பார்லே' நிகழ்ச்சியைத் தொடங்கினார். பேசுவதற்காகப் பேசுவோம் என்று பொருள். வந்தவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்து மோதவிடவில்லை. சாப்பாட்டு மேசை போட்டு விருந்துக்கு அழைத்தார். சாதாரண மனிதர்கள் சாப்பிட்டபடியே, வீட்டில்கூட வாய்திறக்காத விஷயங்களைப் பேசினார்கள். மேசையின் வேலை சிறியதல்ல. கையில் கரண்டி இருக்கும்போது யாருக்கும் சொற்பொழிவு வராது. பக்கத்தில் இருப்பவருக்கு ரொட்டியை நகர்த்த வேண்டும்; மெல்லும் நேரத்தில் அடுத்தவர் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்த மேசை பத்து ஆண்டுகள் நீடித்தது.

திருநெல்வேலிக்காரர்களுக்கு இந்த உபாயம் புதிதாகப் படாது. வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு முற்றத்தில் வட்டமான தொட்டிக்கட்டு ஒன்று இருந்தது. அங்கே நண்பர்கள் கூடிக் கம்பனைப் பேசினார்கள்; கூட்டத்துக்கே 'வட்டத்தொட்டி' என்று பெயர் நிலைத்துவிட்டது. வட்டத்தில் தலைமாடு ஏது, கால்மாடு ஏது? வக்கீலும் உட்காரலாம், பள்ளிக்கூட வாத்தியாரும் உட்காரலாம். பின்னாளில் குற்றாலத்து வீட்டுக்கு ராஜாஜியும் கல்கியும் வந்து போனார்கள். டி.கே.சி.யின் உபசாரமும் அவருடைய கம்பன் அளவுக்கே பேர் பெற்றது. நேரில் வர முடியாதவர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னர் புத்தகமாக வந்தன. படித்தால், பந்தியில் பக்கத்தில் இருப்பவரோடு பேசும் குரல்தான் அவற்றிலும் கேட்கிறது.

அச்சுப் பத்திரிகையிலும் அந்தக் குரல் சாத்தியம் என்று காட்டியது குமுதத்தின் 'அரசு பதில்கள்'. ஆசிரியர் குழுவின் அண்ணாமலை, ரங்கராஜன், சுந்தரேசன் மூவரின் முதலெழுத்துகளே 'அரசு'. வாசகர்களுக்கோ அவர் ஒரே ஆள். என்ன கேட்டாலும் கோபிக்காத ஆள். நாலு வரிப் பதிலாக இருந்தாலும், மேலே தன் பெயரும் ஊரும் அச்சில் வந்திருப்பதைக் கண்ட வாசகர் அடுத்த வாரமே இன்னொரு அஞ்சலட்டை வாங்கினார்.

ஜானெத் 2004இல் தன் வாழ்க்கையை மூன்று பாகமாக, எதையும் பூசி மெழுகாமல் புத்தகமாக எழுதினார். 2020இல் பெருந்தொற்று முதியவர்களை வீட்டோடு அடைத்துப் போட்டபோது அவருக்கு வயது 95. மொன்றியல் முதியோர் மருத்துவ நிறுவனத்தோடு சேர்ந்து, வாழ்க்கைக் கதை எழுதக் கற்றுக்கொடுக்கும் இலவச இணைய வகுப்பைத் தொடங்கினார். 1950களில் புனைபெயரில் கடிதம் எழுதியவர்களின் தலைமுறையைச் சேர்ந்தவர்கள் இம்முறை சொந்தப் பெயரில் எழுத உட்கார்ந்தார்கள்.