வலி மாத்திரையோடு தூக்க மாத்திரையும் போடுறீங்களா? உயிருக்கே ஆபத்தாகலாம்... என்ன செய்யணும்?

பண்பொழி திருமலைக் கோயில் படிகளை ஒரு காலத்தில் அசராமல் ஏறியவருக்கு, இன்று மூட்டு வலியால் ராத்திரி புரண்டு படுப்பதே சிரமம். வலிக்கு ஒரு மாத்திரை. அப்பவும் தூக்கம் வரலைன்னா, தெரிஞ்சவங்க கொடுத்த தூக்க மாத்திரை. இப்படி சேர்த்துப் போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

எந்த மாத்திரைகள்?

பாராசிட்டமால் இந்த வகை இல்லை. மார்ஃபின், டிரமடால், டேபெண்டடால் போன்றவை 'ஓபியாய்டு' மருந்துகள். அபின் போலவே மூளையில் வேலை செய்பவை. பழக்கமாகிவிடும் என்பதால், 2018-ல் டிரமடாலும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தது.

தூக்கம் ஏன் கெடுகிறது?

இவை மயக்கம் தரும். ஆனால் ஆழ்ந்த தூக்கத்தைக் குறைக்கும். சிலருக்கு தூக்கத்திலேயே மூச்சு விட்டுவிட்டு வரும். தூக்கம் குறைந்தால் மறுநாள் வலி கூடும். வலி கூடினால் மாத்திரையும் கூடும். சர்க்கரை நோயாளிக்கு கால் எரிச்சல், சிறுநீரக நோயாளிக்கு கால் குடைச்சல் என மூல நோயும் தூக்கத்தைக் கெடுக்கும்.

சேர்த்துப் போட்டால் என்ன ஆகும்?

அல்பிரசோலம், டயசிபாம் போன்ற மாத்திரைகளும் ஓபியாய்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகி நின்றே போகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-லேயே இதற்குக் கடும் எச்சரிக்கை கொடுத்தது. மதுவும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

அப்போ உடனே நிறுத்திடலாமா?

கூடாது. திடீர்னு நிறுத்தினால் உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, பதற்றம் வரும். தூக்கம் சுத்தமா போகும். பலர் மறுபடி மாத்திரைக்குத் திரும்புவதே இதனால்தான். மருத்துவர் மேற்பார்வையில் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அடிமையானவர்களுக்கு பியூப்ரனார்ஃபின் போன்ற மாற்று சிகிச்சையும் உண்டு. அதேசமயம், புற்றுநோய் வலிக்கு மருத்துவர் சொன்ன அளவில் மார்ஃபின் எடுப்பவர்கள் பயந்து நிறுத்த வேண்டாம்.

தூக்கத்துக்கு என்ன சிகிச்சை?

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல. தூக்கப் பழக்கத்தை மாற்றும் உளவியல் பயிற்சிதான்.

* தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள்.
* தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குப் போங்கள்.
* 20 நிமிஷமாகியும் தூக்கம் வரலைன்னா எழுந்து உட்காருங்கள்.
* மதியத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம்.

பலத்த குறட்டை, இடையில் மூச்சு நிற்பது இருந்தால் அதற்கான பரிசோதனையும் அவசியம்.

எங்கே போகலாம்?

தென்காசி அரசு தலைமை மருத்துவமனை அல்லது நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவை அணுகலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கு வந்தால், போடுற எல்லா மாத்திரையையும் காட்டுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, போதை மீட்பு உதவிக்கு 14446.

எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது, உதடு நீலமாகிறது என்றால் விடியட்டும்னு காத்திருக்காதீங்க. உடனே 108-க்கு அழைங்க!