சொல்லப்படாத நோய்

மருத்துவத்தை ஆராயப் புகுந்த திருவள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என அதனை நான்கு கூறுகளாகப் பகுத்தார். அவற்றுள் நோயாளியையே முதற்கண் வைத்தார். நம் ஊர்களில் மூதாட்டியர் மருத்துவரை நாடிச் செல்லும்போது இவ்வரிசை மாறிவிடுகிறது. மகனோ மருமகளோ பேச, மருத்துவர் எழுத, நோயுற்றவர் வாய்மூடி அமர்ந்திருக்கிறார். இதன் காரணத்தையும் விளைவையும் ஈண்டுச் சிறிது காண்போம்.

புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலை, விசயாலய சோழீச்சரத்தால் பெயர்பெற்ற ஊர். பாறைக் குன்றுகள் சூழ்ந்தது. இத்தகைய ஊர்களில் உழைத்து முதிர்ந்த பெண்ணுக்கு மூட்டுவலியைச் சொல்ல நாணமில்லை. ஆயின், மாதவிலக்கு நின்று பல்லாண்டு கழிந்தபின் உதிரம் பட்டாலோ, அடி இறங்கினாலோ, மார்பில் கட்டி தோன்றினாலோ, பெற்ற மகளிடங்கூடச் சொல்லத் தயங்குகிறார். 'இந்த வயதில் இதைப் போய்ச் சொல்வதா' என்னும் கூச்சம் ஒருபுறம். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கலாகாது என்னும் எண்ணம் மறுபுறம்.

இத்தயக்கம் புதியதன்று. ஆண் மருத்துவரிடம் செல்லாத பெண்களுக்கெனவே 1885-இல் மேரி ஷார்லீப் அம்மையார் சென்னையில் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். பர்தா பேணிய நம் சமுதாயப் பெண்களையும் கருதி எழுந்ததாதலின் 'கோஷா ஆஸ்பத்திரி' என்னும் பெயர் அதற்கு நிலைத்தது. இன்று அது திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவரது முயற்சியால், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாயிற்று.

பெண் மருத்துவர்கள் பெருகிய இக்காலத்தும் ஒரு குறை நீடிக்கிறது. பெண்ணுக்கான மருத்துவம் பெரும்பாலும் மகப்பேற்றையே சுற்றி நிற்கிறது. கருவுற்ற பெண்ணைத் தேடிக் கிராமச் செவிலியர் வீட்டிற்கே வருகிறார். பேறுகாலம் கடந்தவரை அவ்வாறு தேடுவார் நெடுங்காலம் இலர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளை வீட்டிற்கே கொணர்ந்தது. இது பெரும்பேறே. எனினும், சொல்லாத நோய்க்கு எவர் மாத்திரை கொணர்வார்?

சொல்லாமையின் விளைவு கொடிது. மாதவிலக்கு முற்றும் நின்றபின் ஒருமுறை உதிரம் பட்டாலும் அது கருப்பைப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடும். தொடக்கத்தில் கண்டால் குணப்படுத்த வாய்ப்பு மிகுதி. அடியிறக்கத்திற்குப் பயிற்சி, வளையம், அறுவை எனப் பல வழிகள் உள. முதிய பெண்களுக்கு மாரடைப்பு சிலபோது நெஞ்சுவலியின்றி மூச்சிரைப்பாகவும், குமட்டலாகவும், பெரும் அயர்ச்சியாகவும் வரும். அதனை 'வயதுக் கோளாறு' என ஒதுக்குதல் உயிருக்கே கேடாம்.

தமிழ் பயில்வோர்க்கு இங்கே ஒரு பணி உண்டு. குடைச்சல், கடுப்பு, குத்தல், எரிச்சல், உளைச்சல் என நம் மூதாட்டியர் வலியை நுட்பமாகப் பிரித்துரைப்பர். எரிச்சல் வேறு, குத்தல் வேறு; நோயறிய மருத்துவர்க்கு அவ்வேறுபாடு பெரிதும் உதவும். உடன் செல்பவர் அவற்றையெல்லாம் 'வலி' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடின், பாதிச் செய்தி வாயிலிலேயே நின்றுவிடும்.

ஆதலின், மாணவ மாணவியரே! உங்கள் பாட்டியாரை, நன்னிமாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமுன் தனியே அமர்ந்து கேளுங்கள். அவர் கூறிய சொல்லை அவ்வாறே குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் வினவும்போது முதலில் அவரைப் பேசவிடுங்கள். பெண் மருத்துவரை அவர் விரும்பின் அதற்கு வழிசெய்யுங்கள். சிறிது நேரம் அவர் மருத்துவரிடம் தனித்துப் பேசவும் இடங்கொடுங்கள். சமுதாயப் பெரியோரும் தத்தம் இல்லங்களில் இப்பேச்சுக்குத் தடையின்றி வழிவிடுதல் வேண்டும். மருத்துவமனை அருகில் வந்துவிட்டது; அங்கே வாய்திறக்கும் துணிவை மூதாட்டியர்க்கு அளிப்பது நம் கடன்.