வாசல்தோறும் விலைப்புத்தகம்: ஓர் உபதொழிலின் கணக்கு

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருவில் பாவு விரிக்க இயலாது. தறிக்குழியிலும் ஈரம் ஊறும். அறுவடை முடிந்து களம் ஒழிந்தபின், அடுத்த நாற்றங்கால் வரையில், குடியானவர் வீட்டிலும் கைகள் சும்மா இருக்கும். இத்தகைய நாட்களில் குடும்பத்துக்குச் சிறிது உபவருமானம் தேடுவது நம் அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. அவ்வாறு தேடுகிறவர்களை நாடி, “எங்கள் கம்பெனிச் சாமான்களின் விலைப்புத்தகத்தை வீடு வீடாகக் காட்டினால் போதும், கமிஷன் வரும்” என்று சொல்லிக்கொண்டு வருவோரும் உண்டு. இத்தொழில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நடந்து, வளர்ந்து, பின்னர் பெருமளவு ஓய்ந்தும் போன நாடு பிரிட்டன். அங்கே அதன் கணக்கு எவ்வாறு இருந்தது என்பதை அறிந்துகொண்டால், நம் வாசலுக்கு வருகிறவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது தானே விளங்கும்.

இதன் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1886-ல் டேவிட் மக்கானல் என்பவர் வீடு வீடாகப் புத்தகம் விற்றுவந்தார். வாங்குவோரை மகிழ்விக்க இலவசமாகச் சிறிது வாசனைத் தைலம் கொடுத்தார். புத்தகத்தைவிடத் தைலத்தையே பெண்மணிகள் விரும்பியதைக் கண்டு, புத்தகத்தை விட்டுத் தைலத்தைப் பற்றிக்கொண்டார். அதுவே பின்னர் ‘ஏவான்’ என்று பெயர் பெற்ற ஸ்தாபனம். 1906-ல் ஆல்பிரட் புல்லர் என்னும் இளைஞர் இரவில் தம் கையாலேயே பிரஷ்கள் செய்து, பகலில் அவற்றை வீடு வீடாகச் சென்று விற்றார். அவருடைய ஸ்தாபனத்தில் விற்பனையாளராக வேலை பார்த்துப் பழகிய ஹாரி குரூக் என்பவர் இங்கிலாந்து திரும்பி, 1923-ல் பிரிஸ்டல் நகரில் ‘கிளீனீஸ்’ என்ற கம்பெனியைத் தொடங்கினார். பிரஷ்களும், தரைக்குப் பூசும் மெருகு எண்ணெய்களும் அதன் சரக்குகள். 1928-ல் லண்டனில் ‘பெட்டர்வேர்’ தோன்றியது. அதுவும் பிரஷ் வியாபாரமே.

தொடக்கத்தில் விற்பனையாளர் பெட்டியுடன் வாசலில் நின்று, பொருளை எடுத்துக் காட்டி, பேசி விற்றார். பெண்களும் வேலைக்குச் செல்லத் தொடங்கியபின், பகலில் தட்டினால் திறக்க ஆள் இல்லாத வீடுகள் பெருகின. மனிதர் நின்ற இடத்தில் பிற்பாடு புத்தகம் நின்றது. அதுதான் காட்லாக் என்னும் விலைப்புத்தகம்.

புத்தகம் போய் வரும் வழி

பிரிட்டனில் பெரும்பாலான வீட்டுக் கதவுகளில் தபால் போடுவதற்கென ஒரு நீண்ட துவாரம் உண்டு. ஏஜெண்டு, கம்பெனியிடமிருந்து விலைப்புத்தகங்களைத் தம் சொந்தப் பணம் கொடுத்து வாங்குகிறார். ஒவ்வொன்றையும் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் இட்டு, உள்ளே ஓர் ஆர்டர் தாளையும், தம் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டையும் வைத்து, துவாரத்தின் வழியே உள்ளே தள்ளுகிறார். “வியாழன் மாலை வந்து எடுத்துக்கொள்கிறேன், வேண்டியதைக் குறித்து வாசலில் வைத்துவிடுங்கள்” என்று சீட்டில் எழுதியிருக்கும். இரண்டு மூன்று நாட்கள் கழித்து அதே தெருவில் மறுபடி நடக்கிறார். வாசலில் இருக்கும் புத்தகங்களைச் சேகரித்து, உறையைத் துடைத்து, புதுத் தாள் வைத்து, அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகிறார். ஆர்டர்களைத் தொகுத்துக் கம்பெனிக்கு அனுப்புகிறார். சரக்கு பெட்டிகளாக ஏஜெண்டின் வீட்டுக்கே வந்து இறங்கும். கூடத்தில் பரப்பி, வீட்டுக்கு ஒரு பையாகப் பிரித்து, மூன்றாம் முறை அதே வாசல்களுக்குச் சென்று, பொருளைக் கொடுத்துப் பணம் பெறுகிறார். விற்ற விலையில் ஒரு பங்கு அவருக்கு, மீதி கம்பெனிக்கு.

ஒரு துடைப்பானையோ, ஜாடி மூடி திறக்கும் கருவியையோ விற்க ஒரே வாசலுக்கு மூன்று நடை என்பதை அங்கத்தினர்கள் மனத்தில் வைக்க வேண்டும். விளம்பரங்களில் முதல் நடை மட்டுமே சொல்லப்படும். “காலையில் உலாவப் போவதுபோல நான்கு தெரு புத்தகம் போட்டுவிட்டு வாருங்கள்” என்பார்கள். போடுவது உலாவல்தான்; திரும்ப எடுப்பதே வேலை.

திரும்ப எடுப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் லாபமும் நஷ்டமும் அங்கேதான் தீர்மானமாகின்றன. சிலர் புத்தகத்தை வாசலில் வைக்க மறந்துவிடுவர். கதவைத் தட்டினால் ஆள் இருக்காது. மறுநாள் மீண்டும் போக வேண்டும். சிலர் வேண்டாத தபாலுடன் சேர்த்துக் குப்பையில் எறிந்திருப்பர். மழையில் நனைந்து பயனற்றுப் போவன சில. இவை யாவும் ஏஜெண்டின் நஷ்டமே. அனுபவமுள்ள ஏஜெண்டுகள் ஆகவே, சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் தவறாமல் போவதை விரதம்போலக் கொண்டார்கள். வீடுகள் ஒட்டி ஒட்டி அமைந்த வரிசைத் தெருக்களையே தேர்ந்தெடுத்தார்கள். தோட்டமும் நீண்ட நடைபாதையும் உள்ள பெரிய வீடுகளில் வாங்கும் சக்தி அதிகம் இருக்கலாம். ஆனால் ஒரு வாசலுக்கும் அடுத்த வாசலுக்கும் இடையே நடக்கும் நேரத்தில் வரிசைத் தெருவில் பல வீடுகளை முடித்துவிடலாம். தொடர்ந்து இரண்டு மூன்று முறை ஆர்டர் தராத வீட்டைக் குறித்து வைத்து விட்டுவிட்டார்கள். துவாரத்துக்கு அப்பால் நாய் காத்திருந்து விரலைக் கடிக்கும் வீடுகளும் உண்டு. அதற்கெனச் சமையலறைத் தட்டையான மரக்கரண்டியை எடுத்துச் சென்று, அதனால் புத்தகத்தை உள்ளே தள்ளுவார்கள். எந்தத் தொழிலுக்கும் அதற்கென ஒரு கருவி வாய்த்துவிடுகிறது!

இத்தொழிலுக்கு ஒரு நல்ல முகமும் இருந்தது. அதை மறைப்பது நியாயமன்று. கடைக்குப் போக இயலாத முதியோர் பலருக்கு மாதந்தோறும் புத்தகம் கொண்டுவரும் ஏஜெண்டு, வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசும் மனிதராகவும் இருந்தார். சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு முழுநேர வேலைக்குச் செல்ல முடியாத தாய்மார், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டே புத்தகம் போட்டார்கள். தமக்கு வசதியான நேரத்தில் வேலை, மேலதிகாரி இல்லாத வேலை என்பது அவர்களுக்குப் பணத்துக்குச் சமமான பெறுமதி உடையதாக இருந்தது.

மணிக்கு எவ்வளவு?

இனிப் பணக் கணக்குக்கு வருவோம். கீழ்வரும் தொகைகள் விளக்கத்துக்காக நாமே வைத்துக்கொண்டவை. எந்தக் கம்பெனியின் கணக்கும் அன்று. ஒருவர் புத்தகம் ஒன்றுக்கு 1 பவுண்டு வீதம் 150 புத்தகங்கள் வாங்கி ஒரு சுற்றுக்குப் போடுகிறார் என்று கொள்வோம். 16 வீடுகளில் ஆர்டர் கிடைக்கிறது. வீட்டுக்குச் சராசரி 12 பவுண்டு. மொத்த விற்பனை 192 பவுண்டு. ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு என்றால் 38 பவுண்டு 40 பென்ஸ். கேட்பவருக்கு இதுவே வருமானமாகத் தோன்றும். ஆனால் 20 புத்தகங்கள் திரும்பவில்லை. 20 பவுண்டு போயிற்று. பெட்ரோல், உறை, பை முதலியவற்றுக்கு 3 பவுண்டு 40 பென்ஸ். நிகரமாக மிஞ்சுவது 15 பவுண்டு. போட 3 மணி, எடுக்க 4 மணி, பிரிக்க 1 மணி, கொண்டுபோய்க் கொடுக்க 3 மணி, ஆக 11 மணி நேரம். மணிக்கு ஏறத்தாழ 1 பவுண்டு 36 பென்ஸ்!

அதே மனிதர் நாள் தவறாமல் சென்று, 4 புத்தகங்களை மட்டுமே இழந்தார் எனில், மிச்சம் 31 பவுண்டு. மணிக்கு 2 பவுண்டு 82 பென்ஸ். விற்பனை ஒரு காசும் கூடாமலே வருமானம் இரட்டிக்கு மேல் ஆகிவிடுகிறது. பழகிய தெருவாகி, 30 வீடுகளில் ஆர்டர் கிடைத்து, வேலையும் 14 மணி நேரமாக உயர்ந்தால், மணிக்கு 4 பவுண்டு 60 பென்ஸ் அளவில் வரும். இதனோடு ஒப்பிட ஒன்று சொல்கிறோம்: 2018 ஏப்ரலில் பிரிட்டனில் 25 வயது நிரம்பிய தொழிலாளிக்குச் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 பவுண்டு 83 பென்ஸ். ஏஜெண்டு கூலியாள் அல்லர், சுயதொழில் செய்பவர். ஆதலால் அந்தச் சட்டம் அவரைக் காப்பதில்லை. நடைக்குக் கூலி இல்லை, விற்றதற்கு மட்டுமே பங்கு.

சிலருக்கு இதைவிட நல்ல வருமானம் கிடைத்திருக்கும்; சிலருக்கு ஒன்றும் மிஞ்சியிராது. நாம் வற்புறுத்துவது தொகையை அன்று, முறையை. நெசவில் நூல் விலையையும் சாயச் செலவையும் கழிக்காமல் புடவை விலையையே வருமானமென்று எவரும் சொல்வதில்லை. இங்கும் அவ்வாறே.

ஆள் சேர்க்கும் ஏணி

புத்தகம் போட்டு வரும் பணம் சிறிது என்பது கம்பெனிகளுக்கும் தெரிந்ததே. ஆகவே வேறொரு வழியும் வகுக்கப்பட்டது. ஏஜெண்டு தமக்குக் கீழே புதிய ஏஜெண்டுகளைச் சேர்த்தால், அவர்கள் விற்பனையிலும் ஒரு பங்கு பெறலாம். கிளீனீஸ் கம்பெனியும் 1980-களில் இம்முறைக்கு மாறியது. கீழிருப்போர் உண்மையாகவே பொருளை விற்கும்வரை இதில் சட்டக் குற்றம் ஒன்றும் இல்லை. ஆயினும் ஒரு சங்கடம் உண்டு. நாம் சேர்க்கும் ஆள் பெரும்பாலும் நம் அண்டை அயலாரே. அவர் புத்தகம் போடப்போவதும் நம் தெருக்களிலேயே. நேற்றுவரை வாடிக்கைக்காரராக இருந்தவர் இன்று போட்டியாளர் ஆகிறார்.

விற்பனையை விட்டு ஆள் சேர்ப்பதையே ஆதாயமாக்கும் ஏற்பாடுகளும் பல நாடுகளில் முளைத்தன. பிரிட்டன் இதற்காக 1973-ல் ஒரு சட்டம் செய்து, 1996-ல் அதை மேலும் இறுக்கியது. அதன் விதிகளின்படி, இத்தகைய திட்டத்தில் சேரும் ஒருவரிடம் முதல் 7 நாட்களுக்குள் 200 பவுண்டுக்கு மேல் வாங்குவது குற்றம். புதியவர் ஆரவாரம் அடங்கி யோசிப்பதற்கு ஒரு வார அவகாசம் என்பது இதன் கருத்து.

இந்தியாவில் பண சுழற்சித் திட்டங்களைத் தடுக்க 1978-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2021 டிசம்பர் 28-ல் மத்திய சர்க்கார் நேரடி விற்பனைக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. பிரமிட் திட்டங்கள் அவற்றில் வெளிப்படையாகத் தடை செய்யப்பட்டுள்ளன. விற்பனையாளர் அடையாள அட்டை இன்றியும், முன்கூட்டி வீட்டாரின் இசைவு பெறாமலும் ஒரு வீட்டுக்குச் செல்லலாகாது என்பதும் அவ்விதிகளில் உண்டு. ஆகவே அறியாத தெருவில் விற்பனைக்காகக் கதவுகளைத் தட்டிச் செல்வது நம் நாட்டில் விதிக்குப் பொருந்தாது. தெரிந்த வீடுகளில் கேட்டுக்கொண்டு போவதே தக்கது.

2018 ஏப்ரல்

கிளீனீஸும் பெட்டர்வேரும் பிற்காலத்தில் ஒரே அமெரிக்கக் குழுமத்தின் கைக்குப் போயின. 2018 ஏப்ரலில் இரண்டும் நொடித்து, கடன் நிர்வாகிகளின் பொறுப்பில் விடப்பட்டன. 95 ஆண்டும் 90 ஆண்டும் நடந்த இரு வியாபாரங்கள் ஒரே மாதத்தில் நின்றன. அவற்றை நம்பிப் புத்தகம் சுமந்த ஆயிரக்கணக்கான ஏஜெண்டுகள் அக்கம்பெனிகளின் ஊழியர் அல்லர், பங்குதாரரும் அல்லர். தெருத்தெருவாக நடந்து பழக்கிய வாடிக்கை அவர்களுடையது. ஆனால் கொடுப்பதற்குச் சரக்கு இல்லை. காசு கொடுத்து வாங்கிய விலைப்புத்தகங்கள் வெறுங்காகிதமாயின.

அதே இங்கிலாந்தில் ராச்டேல் ஊரில் 1844 டிசம்பர் 21-ல் 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடை திறந்த செய்தி நம் அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. அவர்களிலும் நெசவாளர் இருந்தனர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்ற அக்கடையில், வாங்கியவரே சொந்தக்காரர். வாங்கிய அளவுக்கு ஏற்ப லாபம் அவருக்கே திரும்பியது. பிரஷ் கம்பெனியின் ஏஜெண்டுக்கு விற்பனையில் பங்கு உண்டு. லாபத்தில் இல்லை, நிர்வாகத்தில் ஒரு வோட்டும் இல்லை. கூட்டுறவுச் சங்கமும் நொடிக்கக்கூடும். அதையும் நாம் கண்டிருக்கிறோம். ஆனால் அங்கே வரவு செலவு ஆண்டுக்கொருமுறை அங்கத்தினர் முன் படிக்கப்படுகிறது. கேள்வி கேட்க உரிமை இருக்கிறது. அந்த ஏஜெண்டுகளுக்கு அத்தகைய ஒரு கூட்டம் இருக்கவில்லை.

எனவே இவ்விதமான உபதொழிலில் இறங்க விரும்பும் அங்கத்தினர், சேருமுன் எழுத்தில் கேட்டுப்பெற வேண்டியவை சில உள. விலைப்புத்தகத்துக்கும் மாதிரிச் சரக்குக்கும் யார் பணம் கொடுப்பது? விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா, எத்தனை நாட்களுக்குள்? வாடிக்கைக்காரர் பொருளை வேண்டாமென்று திருப்பினால் நஷ்டம் யாருடையது? நம் தெருவில் இன்னும் எத்தனை பேருக்கு இதே உரிமை கொடுத்திருக்கிறார்கள்? கம்பெனியின் பதிவு அலுவலகம் எங்கே? இவற்றுக்கு விடை சொல்லாமல், கீழே எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்பதிலேயே பேச்சு போகுமானால், கையெழுத்தை ஒத்திவைப்பது நல்லது.

சேர்ந்தபின், கையிலுள்ள ரொக்கத்தில் சிறு தொகைக்கு மட்டும் தொடங்குக. தறிக்கோ விதைக்கோ பெற்ற சங்கக் கடனை இதில் போடலாகாது. ஒரு நாற்பது பக்க நோட்டில் ஐந்து பத்தி கோடிட்டு, கொடுத்த புத்தகம், திரும்பிய புத்தகம், விற்பனை, செலவு, மணி நேரம் என்று எழுதி வருக. கடைசிப் பத்தியைப் பலரும் விட்டுவிடுவார்கள், அதை விடலாகாது. மூன்று சுற்றுகள் முடிந்ததும் அந்த நோட்டைச் சங்கக் காரியதரிசியிடம் கொண்டுவந்து காட்டினால், கூட்டிக் கழித்து மணிக்கு எவ்வளவு விழுந்தது என்று சொல்ல அவருக்குக் கால்மணி நேரத்துக்கு மேல் ஆகாது.