சோளத்தின் பரம்பரைச் செல்வம்: களஞ்சியத்தில் உறங்கும் விதை வயலுக்கு வரவேண்டும்

2018 ஆம் ஆண்டின் பெரும்போகத்தில் அநுராதபுரம், மொனராகலை, அம்பாறை, பதுளை ஆகிய மாவட்டங்களின் சோளச் செய்கையாளர்கள் அதுவரை கண்டிராத ஒரு புழுவை எதிர்கொண்டனர். குருத்துக்குள் புகுந்து இலையையும் பொத்தியையும் தின்றழித்த அப்புழு 'சேனா' என்றும் படைப்புழு என்றும் அழைக்கப்பட்டது. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட அது, 2016 இல் ஆபிரிக்காவிலும் 2018 மே மாதத்தில் இந்தியாவின் கர்நாடக மாநிலத்திலும் கண்டறியப்பட்டு, சில மாதங்களுக்குள் இலங்கையையும் வந்தடைந்தது. எந்த மருந்தைத் தெளிப்பது, பயிரை அழிப்பதா காப்பதா என்ற விவாதங்களே அன்று மேலோங்கியிருந்தன. நாம் விதைத்த விதை எத்தகையது என்ற கேள்வி போதிய கவனத்தைப் பெறவில்லை. ஆனால், நீண்டகாலத் தீர்வின் ஒரு பகுதி அந்தக் கேள்விக்குள்ளேயே அடங்கியுள்ளது.

சோளம் மனிதனின் கையால் உருவான பயிராகும். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்னர் தென் மெக்ஸிக்கோவின் விவசாயிகள் தியோசின்ட் என்ற காட்டுப்புல்லிலிருந்து அதனைப் படிப்படியாகத் தெரிவு செய்து வளர்த்தெடுத்தனர். பொத்தியின் மணிகள் மடலால் மூடப்பட்டிருப்பதால், மனிதன் உதிர்த்து விதைத்தாலன்றி அப்பயிர் தானாகப் பெருகுவது அரிது. கடற்கரை வெப்பநிலம் முதல் அந்தீஸ் மலையின் குளிர்நிலம் வரை ஒவ்வொரு சமூகமும் தன் மண்ணுக்கும் மழைக்கும் சுவைக்கும் ஏற்ற விதையைப் பேணியது. வரட்சியைத் தாங்குவது, பூச்சியை எதிர்ப்பது, விரைவில் முதிர்வது எனப் பல்வேறு இயல்புகள் அந்த நாட்டு விதைகளுக்குள் சேர்ந்தன. இதனையே சோளத்தின் பரம்பரைப் பல்வகைமை என்கிறோம்.

இப்பல்வகைமை சுருங்கினால் என்ன நேரும் என்பதற்கு 1970 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஏற்பட்ட அழிவு தக்க சான்றாகும். கலப்பின விதை உற்பத்தியில் ஆண்பூக்களைக் கையால் அகற்றும் செலவைத் தவிர்ப்பதற்காக, 'டெக்ஸாஸ்' வகையெனப்படும் ஆண்மலட்டு இயல்பு பெரும்பாலான விதைகளில் புகுத்தப்பட்டிருந்தது. அவ்வியல்பைக் கொண்ட பயிரை எளிதில் தாக்கவல்ல ஒரு பங்கசு தோன்றியபோது, நாட்டின் சோள விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதம் ஒரே பருவத்தில் அழிந்தது. விதைகளின் பெயர்கள் பலவாக இருந்தும் அவற்றின் உள்ளே இருந்த பலவீனம் ஒன்றாகவே இருந்தது.

பல்வகைமையைக் காப்பது தனியொரு நாட்டினால் இயலக்கூடிய காரியமன்று. 1943 இல் மெக்ஸிக்கோ அரசும் ரொக்பெல்லர் மன்றமும் தொடங்கிய கூட்டுமுயற்சியின் வழியாக, 1966 இல் சர்வதேச சோளம் மற்றும் கோதுமை மேம்பாட்டு நிலையம் உருவானது. மெக்ஸிக்கோ நகருக்கு அண்மையிலுள்ள அதன் விதைக் களஞ்சியத்தில் இன்று 28,000 இற்கும் மேற்பட்ட சோள மாதிரிகள் குளிரூட்டப்பட்டுப் பாதுகாக்கப்படுகின்றன. 2008 இல் நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவில் திறக்கப்பட்ட உலக விதைப் பெட்டகம், இத்தகைய களஞ்சியங்களின் மேலதிகப் பிரதிகளைக் காத்து வருகிறது.

எனினும், குளிரறையில் வைப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. விதைகள் காலப்போக்கில் முளைதிறனை இழக்கின்றன. சோளமோ காற்றினால் அயல் மகரந்தச் சேர்க்கை அடையும் பயிர். ஒரு மாதிரியைப் புதுப்பிப்பதற்கு, ஏராளமான செடிகளை வளர்த்து, பூக்களை உறையிட்டு மூடி, கையினால் மகரந்தச் சேர்க்கை செய்யவேண்டும். இன்றேல் அயல்வயலின் மகரந்தம் கலந்து மாதிரியின் தனித்தன்மை கெட்டுவிடும். வறிய நாடுகளின் களஞ்சியங்கள் பல, இதற்கான செலவைத் தாங்க இயலாமல் விதைகளை இழந்தன.

காத்த விதையைப் பயன்படுத்துவது இதனினும் கடினமானது. எந்த மாதிரியில் எந்த இயல்பு உள்ளது என்பது தெரியாவிடின் களஞ்சியம் அட்டவணையற்ற நூலகத்தையே ஒக்கும். இக்குறையைப் போக்க 1987 இல் இலத்தீன் அமெரிக்க சோளத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. மெக்ஸிக்கோ, பிறேஸில், பெரு, ஆர்ஜென்டீனா, ஐக்கிய அமெரிக்கா உள்ளிட்ட 12 நாடுகள் இதில் இணைந்தன. ஏறத்தாழ 12,000 நாட்டு மாதிரிகள் அந்தந்த நாடுகளின் வயல்களிலேயே விதைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டன. சிறந்தவை படிப்படியாகத் தெரிவு செய்யப்பட்டு, நாடுகளிடையே பரிமாறப்பட்டன.

இத்தகைய உழைப்பின் பயன் பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும். கரிபியன் பிராந்தியத்தின் நாட்டுச் சோளங்களில், குறிப்பாக அன்டிகுவா தீவின் விதைகளில், பூச்சிகளைத் தாங்கும் இயல்பு இருப்பதை விஞ்ஞானிகள் முன்னரே கண்டறிந்து, மெக்ஸிக்கோவில் அவற்றைக் கொண்டு புதிய விதைத்தொகுதிகளை உருவாக்கியிருந்தனர். படைப்புழு ஆபிரிக்காவைத் தாக்கியபோது, கென்யாவின் கிபோகோ ஆய்வு நிலையத்தில் இத்தகைய மூலங்களிலிருந்து வந்த வர்க்கங்கள் சோதிக்கப்பட்டன. 2020 டிசம்பரில், படைப்புழுவை ஓரளவு தாங்கவல்ல மூன்று கலப்பினங்கள் ஆபிரிக்காவுக்கென அறிவிக்கப்பட்டன. ஒரு சிறு தீவின் விவசாயிகள் பேணிய விதை, அவர்கள் கண்டிராத கண்டத்துக்கு உதவியது. முழுமையான எதிர்ப்பு அதில் இல்லை என்பது உண்மையே. ஆயினும் மருந்துத் தேவையைக் குறைப்பதற்கு அது வழிகோலுகிறது.

போசாக்கிலும் இவ்வாறான ஒத்துழைப்பு பயனளித்துள்ளது. சாதாரண சோளத்தில் லைசின், டிரிப்டோபன் ஆகிய அமினோ அமிலங்கள் குறைவு. அவற்றை அதிகமாகக் கொண்டிருந்தும் விளைச்சல் குன்றியிருந்த ஒரு வகையை, இந்தியரான சுரிந்தர் வாசலும் மெக்ஸிக்கரான எவஞ்சலினா வில்லேகாஸும் மேம்படுத்தி, தரமான புரதச் சோளத்தை உருவாக்கினர். இதற்காக 2000 ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு இருவருக்கும் வழங்கப்பட்டது.

இனி எமது நாட்டை நோக்குவோம். கிழக்கில் 'சோளன்' என வழங்கும் இப்பயிர், சேனைப் பயிராகவும் வீட்டுத்தோட்டப் பயிராகவும் நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. இன்று அது கோழித்தீவனத்தின் முதன்மை மூலப்பொருள். 1973 முதல் கர்ப்பிணித் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் வழங்கப்பட்டு வரும் திரிபோஷவும் சோளத்தையும் சோயாவையும் கொண்டே தயாரிக்கப்படுகிறது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் தரமான சோளம் போதியளவு கிடைக்காமையால் அதன் உற்பத்தி தடைப்பட்டமை, சோளத்தை வெறும் தீவனமாகக் கருதுவோர் மனங்கொள்ள வேண்டியதொன்றாகும்.

விவசாயத் திணைக்களத்தின் மஹா இலுப்பள்ளமை ஆராய்ச்சி நிறுவகம் பத்ரா, ருவன் முதலிய இனங்களையும் சம்பத் என்ற கலப்பினத்தையும் வெளியிட்டுள்ளது. ஆயினும் வர்த்தகச் செய்கையில் இறக்குமதிக் கலப்பினங்களே ஆதிக்கம் செலுத்துகின்றன. அவை அதிக விளைச்சலைத் தருவதால் விவசாயி அவற்றை நாடுவது இயல்பே. ஆனால், அறுவடையில் எடுத்து வைக்கும் விதை அதே பலனைத் தராது. ஒவ்வொரு போகத்திலும் புதிதாக வாங்க நேர்கிறது. அந்நியச் செலாவணி அற்றுப்போகும் வேளையில் விதையும் அற்றுப்போகும் அபாயம் இதில் உண்டு.

இதற்கு மாற்றுவழிகள் எமது கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளன. பேராதனை, கன்னொறுவையில் ஜப்பானின் உதவியுடன் 1988 இல் நிறுவப்பட்ட தாவர மரபணு வளங்கள் நிலையம் பல்வேறு பயிர்களின் விதைகளைப் பாதுகாக்கிறது. 2004 இல் நடைமுறைக்கு வந்த, உணவுக்கும் விவசாயத்துக்குமான தாவர மரபணு வளங்கள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கையும் அங்கம் வகிக்கிறது. உறுப்பு நாடுகள் பகிர்ந்துகொள்ள உடன்பட்ட 64 பயிர்களுள் சோளமும் ஒன்று. ஆராய்ச்சிக்கும் இனவிருத்திக்குமாக அவ்விதைகளைப் பெறலாம். பெற்ற விதையைப் பெற்ற வடிவிலேயே தனியுடைமையாக்கிப் பிறருக்கு மறுக்க முடியாது.

உரிமை இருந்தும் பயன்படுத்தாதிருப்பது எமது குறையாகவே அமையும். கன்னொறுவையின் சோள மாதிரிகள் அநுராதபுரத்திலும் அம்பாறையிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் விதைக்கப்பட்டு, வரட்சிக்கும் படைப்புழுவுக்கும் அவை எவ்வாறு ஈடுகொடுக்கின்றன என்பது பதியப்படவேண்டும். புழுவைத் தாங்கும் வர்க்கங்கள் வெளியிலிருந்து பெறப்பட்டு மஹா இலுப்பள்ளமையில் எமது இனங்களுடன் கலக்கப்படவேண்டும். வீட்டுத்தோட்டங்களில் எஞ்சியுள்ள நாட்டு விதைகளைப் பேணும் விவசாயிகளை, அவர்கள் எந்தச் சமூகத்தவராயினும், இம்முயற்சியில் பங்காளிகளாக்க வேண்டும்.

படைப்புழு கடல்கடந்து வருவதற்கு எவரது அனுமதியையும் கோரவில்லை. அதனைத் தாங்கும் விதையோ நாம் கேட்டுப் பெற்று, சோதித்து, பெருக்கினாலன்றி வராது. அடுத்த படையெடுப்பு நிகழும்வரை காத்திராமல் அப்பணியை இப்போதே தொடங்குவது, விவசாயத் திணைக்களத்தினதும் அரசினதும் கடமையாகும்.