வெந்நீர்த் தடம் – 9: இருபத்தைந்து பாகை

திருகோணமலைக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் அவற்றோடு சேர்ந்த இராவணன் கதையையும் பாதியில் நிறுத்திய இத்தொடர், மீதியை இவ்வாரம் தருவதாகச் சொல்லியிருந்தது. தொடர்ந்து வாசிப்போருக்கு அது நினைவிருக்கும். ஆனால் யப்பானியர் வெந்நீரூற்றில் பிறந்தநாள் கொண்டாடும் வழக்கத்தை ஒரு பத்தியில் ஒப்பிட்டுவிட்டுக் கன்னியாவுக்குத் திரும்பலாம் என்று தொடங்கிய வேலையில், அந்நாட்டுச் சட்டம் ஒன்றிலுள்ள ஓர் எண் குறுக்கே புகுந்துவிட்டமையால், கிணறுகள் சற்றுப் பொறுத்திருக்க வேண்டியுள்ளது.

முதலில் அந்த வழக்கம். யப்பானில் ஒருவர் அறுபது வயதை எட்டுவது ‘கன்ரெக்கி’ என்று கொண்டாடப்படுகிறது. ஆண்டுகளைப் பத்து ‘தண்டு’களும் பன்னிரண்டு விலங்குகளும் கொண்ட இரு வரிசைகளால் பெயரிடும் பழைய கிழக்காசிய முறையில், ஒருவர் பிறந்த ஆண்டின் இணை மீண்டும் வர 60 ஆண்டுகள் ஆகும் என்பதால், அவர் மறுபடியும் குழந்தையாகிறார் என்று கொண்டு, குழந்தைக்கு உடுத்தும் நிறமாகிய சிவப்பில் கையில்லாத மேற்சட்டையும் தொப்பியும் அவருக்கு அணிவிக்கின்றனர். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூடி அவரை ‘ஓன்சென்’ எனப்படும் வெந்நீரூற்று ஊர் ஒன்றுக்கு அழைத்துச் சென்று, ‘ரியோகான்’ என்னும் மரபுவழித் தங்குமனையில் ஓரிரவு தங்கியோ, ஒரு பகற்பொழுதை மட்டும் கழித்தோ திரும்புவது இன்று பரவலாகக் காணப்படும் முறையாகும். பொதுக் குளியல் அறைகள் பெரும்பாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியானவை. ஆகவே தாய், தந்தை, பிள்ளைகள் ஒன்றாக இறங்குவதற்கென்று மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் குடும்பத் தொட்டிகளும் அங்கு உண்டு.

இதில் அந்நியருக்கு வியப்பூட்டுவது, தொட்டிக்குள் இறங்குவது உடலைக் கழுவுவதற்காக அன்று என்பதுதான். குளிப்பவர் முதலில் வெளியே ஒரு தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து, சவர்க்காரம் தேய்த்து, சிறு வாளியால் நீர் ஊற்றி, நுரை முழுவதும் போகும்வரை கழுவிக்கொள்கிறார். அதன் பின்னரே, ஏறத்தாழ 40 முதல் 42 பாகை செல்சியஸ் சூடுள்ள நீரில் கழுத்தளவு அமிழ்ந்து, கையிலிருந்த சிறு துவாலையை மடித்துத் தலைமேல் வைத்துக்கொண்டு, சும்மா இருக்கிறார். துவாலை நீரில் படக்கூடாது என்பது விதி. அந்தச் சும்மா இருத்தலுக்கு வரியும் உண்டு: தலைக்கு நாளொன்றுக்கு 150 யென் என்பது வழக்கமான அளவு, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பெரும்பாலான நகரசபைகள் விலக்கு அளிக்கின்றன.

அறுபது ஆண்டுச் சுற்று தமிழருக்குப் புதிதன்று. வியாழன் சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகளும் சனி சுற்றிவர ஏறத்தாழ 30 ஆண்டுகளும் எடுப்பதால், இரண்டும் ஒருவர் பிறந்தபோது நின்ற இடத்துக்கு ஒருசேரத் திரும்ப 60 ஆண்டுகள் செல்கின்றன. பிரபவ முதல் அட்சய ஈறான ஆண்டுப் பெயர்களின் சுற்றும் அவ்வளவே. 1966 சித்திரையில் தொடங்கிய பராபவ ஆண்டு 2026 சித்திரையில் மீண்டும் வருவது போலவே, யப்பானியரின் ‘நெருப்புக் குதிரை’ ஆண்டும் 1966இல் வந்து 2026இல் திரும்புகிறது. அவ்வாண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்ற மூடநம்பிக்கையின் காரணமாக, 1965இல் 18.2 இலட்சமாக இருந்த பிறப்பு 1966இல் 13.6 இலட்சமாக வீழ்ந்து, அடுத்த ஆண்டே 19.4 இலட்சமாக ஏறியது. சிவப்பு மேற்சட்டைக்கு இப்போது உரியவர்கள் அந்தக் குறைந்த கூட்டத்தினர்தாம். அப்படிப் பிறந்தும் நன்றாகவே வாழ்ந்திருக்கும் அப்பெண்களை அவர்களுடைய பேத்திமார் வெந்நீருக்கு அழைத்துச் செல்வது, பஞ்சாங்கத்துக்குக் கொடுக்கப்படும் நல்ல மறுமொழி.

தமிழர் மணிவிழாவிலும் நீர் உண்டு. மந்திரம் ஓதி வைத்த கலசங்களின் நீரை மூத்த தம்பதியர் தலையில் பிள்ளைகள் ஊற்றுவதே அதன் நடுச்சடங்கு. திருக்கடையூரில் அது நாள்தோறும் நிகழ்கிறது. மட்டக்களப்பிலோ, குறிப்பாக ஆசிரியர், எழுத்தாளர் போன்றோருக்கு, நீரைக் காட்டிலும் தாளே அதிகம் செலவாகும்: வாழ்த்துச் செய்திகள் பாதியையும் கட்டுரைகள் மீதியையும் நிரப்பும் மணிவிழா மலரும், பொன்னாடையும், மண்டபமும் இல்லாமல் அறுபது நிறைவதில்லை.

இனி அந்த எண். யப்பான் 1948 யூலையில் இயற்றிய வெந்நீரூற்றுச் சட்டம், நிலத்தடியிலிருந்து வரும் நீர் எடுக்கப்படும் இடத்தில் 25 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட வெப்பம் கொண்டிருந்தால் அது ‘ஓன்சென்’ என்கிறது. அவ்வளவு சூடு இல்லாவிடினும், அட்டவணையிலுள்ள 19 பொருள்களில் ஒன்றேனும் குறித்த அளவில் கரைந்திருந்தால் போதும். அவற்றுள் முதலாவது, வளி நீங்கலாகக் கரைந்துள்ள பொருள்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவுக்கு 1000 மில்லிகிராம் இருத்தல். பனி பெய்யும் நாட்டில் 25 பாகை என்பது இயற்கையின் கொடையாகத் தோன்றியிருக்கலாம். மட்டக்களப்பு வாவிக் கரையில் அது வேறு பொருள் தருகிறது.

நிலத்தின் மேற்பரப்பை அடுத்த நீர், அவ்வூரின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பத்தை ஒட்டியே நிற்கும் என்பது புவியியலாளர் அறிந்த பொதுவிதி. கிழக்குக் கரையில் அந்தச் சராசரி 27, 28 பாகை. விடியற்காலையில் கிணற்று நீர் இளஞ்சூடாகவும் உச்சிப்பொழுதில் குளிர்ச்சியாகவும் படுவது நீர் மாறுவதால் அல்ல, மேலே உள்ள காற்று மாறுவதால். ஆகவே யப்பானியச் சட்டத்தைக் கையிலெடுத்துக்கொண்டு மட்டக்களப்பின் புளியந்தீவுக்குள் நுழையும் அலுவலர் ஒருவர், பழைய ஒல்லாந்தர் கோட்டையை அண்டிய வளவுகளிலுள்ள கிணறுகளை ஒவ்வொன்றாக வெந்நீரூற்றுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டிவரும். அதுமட்டுமா? வாவியால் சூழப்பட்ட இத்தீவில், மணலுக்கடியில் மெல்லிய படையாக நிற்கும் நன்னீர் கோடையில் குறையும்போது உவர் ஏறுகிறது. “தண்ணி சவராப் போச்சு” என்று இல்லத்தரசி முகஞ்சுளிக்கும் கிணற்றில் கரைந்த உப்பு 1000 மில்லிகிராமைத் தாண்டுமானால், அது வெப்பத்தால் ஒருமுறையும் உப்பால் மறுமுறையுமாக இரட்டைத் தகுதி பெற்ற மருத்துவ நீராகிவிடும். உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் வந்தபின் பலகை போட்டு மூடப்பட்ட கிணறுகளுக்கு இத்தகைய மதிப்பை வேறு எவரும் வழங்கியதில்லை.

இந்த இன்பத்தைக் கெடுப்பது தாய்வான். அந்நாட்டுச் சட்டம் வெந்நீரூற்றுக்கு 30 பாகையை எல்லையாக வைத்திருப்பதால், புளியந்தீவுக் கிணறுகள் மயிரிழையில் தோற்றுவிடுகின்றன. ஜேர்மனியில் வழங்கும் எல்லையோ 20. அங்கு அவை எளிதாக வென்றிருக்கும். எல்லைகள் இவ்வாறு நாட்டுக்கு நாடு ஏறி இறங்குவதிலிருந்து, வெந்நீர் என்பது பெருமளவுக்கு அந்தந்த ஊரின் குளிரால் வரையறுக்கப்படுவது என்று கொள்ள இடமுண்டு. ஆழத்துக்குச் செல்லச் செல்ல 100 மீற்றருக்கு ஏறத்தாழ 3 பாகை வெப்பம் கூடும் ஆதலால், ஆயிரம் மீற்றருக்கு மேல் துளையிட்டு, எரிமலையின் அருகே இல்லாத தோக்கியோ நகரத்தின் நடுவிலும் ஓன்சென் குளியல் மனைகளைத் திறக்க முடிந்திருக்கிறது.

இலங்கையிலும் உயிருள்ள எரிமலை இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழமாக இறங்கி, அங்குள்ள வெப்பத்தை ஏற்று, வேறொரு பிளவின் வழியே விரைந்து மேலேறுவதாலேயே கன்னியா, மகா ஓயா போன்ற ஊற்றுகள் சுடுகின்றன; இவற்றுள் பெரும்பாலானவை உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி எனப்படும் இரு தொன்மையான பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லையை ஒட்டி அமைந்துள்ளன. புளியந்தீவிலிருந்து செங்கலடிச் சந்திக்குப் போய்ப் பதுளை வீதியில் திரும்பி, கரடியனாறு, புல்லுமலை கடந்து சென்றால் வரும் மகா ஓயாக் கிணறுகளில் சில, கை வைக்க முடியாத அளவு, 50 பாகைக்கும் மேல் கொதிப்பவை. சூட்டைப் பொறுத்தவரை கீழ்மாகாணத்தார் யப்பானியரிடம் கடன் வாங்க வேண்டியதில்லை.

அவ்வாறிருந்தும் கன்னியாவில் எவரும் அறுபதாவது பிறந்தநாளை வைப்பதில்லை. தாய்க்கு ஈமக்கடன் செய்ய இராவணன் தோற்றுவித்ததாகச் சொல்லப்படும் அந்நீர், திருகோணமலைச் சைவர்களிடையே அந்தியேட்டிக்கு, அதாவது இறந்தவருக்காக 31ஆம் நாளை ஒட்டிச் செய்யும் கிரியைக்கு, உரியதாயிருந்து வந்துள்ளது. சுற்றுலா வருவோரும் குளிக்கிறார்கள். ஆனால் கிணற்றில் இறங்குவதில்லை, வாளியால் மொண்டு வெளியே நின்று ஊற்றிக்கொள்கிறார்கள். குடும்பமாகக் கூடி நீராடும் நாள் மட்டக்களப்பில் இல்லாமலில்லை: ஆடி அமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கத்தில் தீர்த்தமாடும் கூட்டம் அதற்குச் சான்று, அந்த நாளும் இறந்த தந்தையர்க்குரியதே. பிறந்தநாள் கொண்டாடும் குடும்பங்கள் பாசிக்குடாவின் ஆழமற்ற கடலை நாடுகின்றன, அங்கு எந்த முன்னோரும் முன்பதிவு செய்திருக்கவில்லை. நீர் ஒன்றாயினும் அதில் எதற்காக நனையலாம் என்பதைச் சமூகமே முடிவு செய்கிறது. யப்பானியர் அம்முடிவை மகிழ்ச்சியின் பக்கம் சாய்த்தார்கள், இங்கு அது துக்கத்தின் பக்கம் சாய்ந்து நின்றது. இங்குள்ள முடிவு மாற்ற முடியாதது என்று கருதக் காரணம் ஏதுமில்லை.

கிணறுகள் ஏழும் ஒரே பாறையிலிருந்து நீர் பெற்றும் வெவ்வேறு சூட்டில் நிற்பது ஏன் என்பதும், 2019இல் மேல் நீதிமன்றம்வரை சென்ற கன்னியா உரிமைப் பிணக்கும் இவ்வாரம் இடம்பெற்றிருக்க வேண்டியவை. யப்பானியச் சட்டத்தின் எஞ்சிய 18 பொருள்களைக் கைவிட மனம் இடந்தருமானால், அவ்விரண்டும் அடுத்த இதழில் வரும்.