ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்

காலையில் அடுக்களையில் பற்ற வைக்கும் சமையல் வாயு, நம்மைப் பள்ளிக்கு ஏற்றி வரும் பேருந்தின் டீசல், அது ஓடும் தார்ச் சாலை, உதடு வெடித்தால் தடவும் வாசலின், மின்சாரம் நின்றால் தேடும் மெழுகுவர்த்தி - இவை யாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றால் நம்புவது கடினம். கறுத்துக் குழம்பிய கச்சா எண்ணெயே அந்தத் தாய்.

சென்னைக்கு வடக்கே மணலியில் 1969 முதல் ஒரு சுத்திகரிப்பு ஆலை இயங்கி வருகிறது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 25 லட்சம் டன் எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆற்றலுடன் அது அமைந்தது. இத்தகைய ஆலைகளில் எண்ணெயை உலையில் ஏறத்தாழ 350 பாகை செல்சியசு வரை சூடாக்கி, உயர்ந்த கோபுரம் ஒன்றின் அடிப்பகுதியில் செலுத்துகிறார்கள். கோபுரத்தின் அடியில் சூடு மிகுதி. மேலே போகப் போகக் குறைவு. ஏறிச் செல்லும் ஆவியில் எந்தப் பொருள் எந்தச் சூட்டில் திரவமாகுமோ, அந்த இடத்துத் தட்டில் அது தங்கிவிடும். உச்சியில் வாயுவும் பெட்ரோலும், கீழே மண்ணெண்ணெய், அதற்கும் கீழே டீசல். ஆவியாகாமல் அடியில் தேங்குவதிலிருந்து மசகெண்ணெய், மெழுகு, தார் ஆகியவற்றைப் பிரிக்கிறார்கள். பின்னக் காய்ச்சி வடித்தல் என்று வேதியியல் பாடத்தில் மனப்பாடம் செய்கிறோமே, அது இதுதான்!

அமெரிக்காவில் டைட்டஸ்வில் என்னும் ஊரில் 1859-இல் டிரேக் என்பவர் துளையிட்டு எண்ணெய் கண்டபோது, மக்கள் விரும்பியது விளக்கெரிக்கும் மண்ணெண்ணெயைத்தான். மோட்டார் வண்டி பிறவாத அந்நாளில் பெட்ரோல் வேண்டாத கழிவு; ஆற்றில் கொட்டியவர்களும் உண்டு. அவ்வட்டாரத்து எண்ணெய்க் கிணறுகளின் தண்டுகளில் மெழுகு போன்ற அழுக்கு ஒன்று படிந்து தொல்லை கொடுத்தது. தொழிலாளர்களோ அதைச் சுரண்டி வெட்டுக் காயத்துக்கும் தீப்புண்ணுக்கும் தடவிக்கொண்டார்கள். இதைக் கவனித்த செஸ்பரோ என்னும் இளைஞர் அதைத் தூய்மைப்படுத்தி 1872-இல் காப்புரிமை பெற்றார். நம் வீட்டு வாசலின் டப்பா வந்த வழி அது.

கோபுரத்தில் மேலே கிடைக்கும் பொருள் எளிதில் ஆவியாகும். எளிதில் தீயும் பற்றும். மண்ணெண்ணெய் சுமார் 38 பாகைக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி எழும். பெட்ரோலுக்கோ பனி உறையும் குளிரே போதும். ஆகவே ஸ்டவ்வில் ஊற்றும் மண்ணெண்ணெயில் சிறிது பெட்ரோல் கலந்திருந்தாலும் உயிருக்கு ஆபத்து.

சமையல் வாயுவில் உள்ளவை பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும். இவற்றுக்கு இயல்பில் மணம் இல்லை. கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்கேப்டன் என்னும் நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். இவ்வாயு காற்றைவிடக் கனமானது. மேலெழாமல் தரையோடு தரையாகப் படரும். அடுக்களையில் அம்மாவுக்கு உதவும் நாம் அந்த நாற்றத்தை உணர்ந்தால் அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவு சன்னல்களை அகலத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். இருட்டாக இருக்கிறதே என்று சுவிட்சைப் போடக் கூடாது. எரிகிற விளக்கை அணைக்கவும் கூடாது. சுவிட்சுக்குள் எழும் சிறு பொறி ஒன்றே போதும், வாயு பற்றிக்கொள்ள.